அப்பாச்சிக்கு ஒரு கோட்

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டண்டினொங்கில் அம்மா அப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. காலமை மார்க்கெட்டில் அப்பா வாங்கி வந்த மீனில் குழம்பும் பொரியலும். வெளியே மழைத்தூறல், நல்ல குளிர். பதினொராம் வகுப்பில் படிக்கும் என் மூத்த மகள் ஃபோனில் இருந்து தலை நிமிராமல் சொன்னாள்:

“நான் நேற்று அப்பாச்சிக்கு ஒரு கோட் அனுப்பினனான்.”

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். “எனக்கோ? என்ன கோட் பிள்ளை? குளிர்கோட்டோ? என்னட்டை ரெண்டு கிடக்குதே, ஏன் வீண் காசு?”

மகளுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கியபோது வாயில் இருந்த சோறு புரைக்கேறிவிட்டது. அவள் சொன்ன அப்பாச்சி என்னுடைய அம்மா இல்லை. அமெரிக்காவில் பதிவான, உலகம் முழுக்கத் தொண்டர்கள் இருக்கிற அப்பாச்சி சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன். கோட் என்றால் கணினிக் கோட். ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு பொது மென்பொருளில் சின்னப் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பியிருக்கிறாள்.

சிரித்து முடிந்த பிறகு அப்பா கேட்டார்: “சரி, அதுக்கு எவ்வளவு தருவினம்?”

“ஒண்டும் இல்லை அப்பப்பா. ஃப்ரீ.”

“சும்மாவோ?” அப்பாவின் முகம் மாறிவிட்டது. “உன்ர வயசுப் பிள்ளையள் எல்லாம் சுப்பர்மார்க்கெட்டில வேலை செய்து கார் வாங்கக் காசு சேர்க்குதுகள். நீ ஆரோ பெரிய கொம்பனிக்காரன் உழைக்கிறதுக்கு லைப்ரரியில இருந்து சும்மா வேலை செய்யிறாய். தம்பி, நீ என்ன சொல்லுறாய்?”

தம்பி என்றது என்னை. என்னிடம் பதில் தயாராக இல்லை. வெட்கம் என்னவென்றால், 18 வருஷமாக ஜாவாவில்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். இப்படிச் சும்மா கொடுக்கப்பட்ட மென்பொருள் இல்லாவிட்டால் எனக்கு வேலையே இல்லை. ஆனால் அந்த நாள் வரைக்கும் நான் ஒரு வரி கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை.

அப்பாவின் கேள்வி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வரலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சும்மா கிடைக்கிற ஜாவா

ஜாவா 1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட கணினி மொழி. பாங்க், காப்புறுதி, விமான ரிக்கெட், அரச திணைக்களம் என்று பெரிய இடங்களின் உள்ளே ஓடும் மென்பொருளில் பெரும்பங்கு இந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சம்பளம் கணக்கில் விழுவது முதல் ஒவ்வொரு நாளும் நாங்கள் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

என்னைப் போன்ற ஆட்கள் இந்த மென்பொருளை முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. குழம்பு நான்தான் வைக்கிறேன், ஆனால் தூள் வேறு யாரோ வறுத்து இடித்தது. இணையப் பக்கத்தைப் பரிமாறுவதற்கு டொம்கட், துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவதற்கு மேவன், செய்திகளை வரிசையாக அனுப்புவதற்கு கஃப்கா. மூன்றும் அப்பாச்சி திட்டங்கள். எவரும் எடுக்கலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், அதை வைத்து வியாபாரமும் செய்யலாம். இதைத்தான் ஓப்பன் சோர்ஸ், திறந்த மூலம் என்கிறோம். 1999 இல் தொடங்கிய அப்பாச்சி ஃபவுண்டேஷன் கோட் எழுதுபவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. சிலருக்கு அவர்கள் வேலை செய்யும் கொம்பனி அந்த நேரத்துக்குச் சம்பளம் தருகிறது. மற்றவர்கள் இரவிலும் சனி ஞாயிறிலும் எழுதுகிறார்கள்.

இதில் எங்கள் நாட்டுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு ஜாவா வேலை என்றால் ஸ்பிரிங் தெரியுமா என்றுதான் நேர்முகத்தில் கேட்பார்கள். அதைத் தொடங்கிய ரொட் ஜோன்சன் ஆஸ்திரேலியர். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் இசையியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிள்ளை வயலினும் படிக்கிறாள், கணினியும் படிக்கிறாள், எதை விடச் சொல்வது என்று தவிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க. 2002 இல் அவர் எழுதிய ஒரு புத்தகத்தோடு ஏறக்குறைய 30,000 வரி கோட் மாதிரிக்காக வந்தது. அதை வாசித்த இருவர், இதைப் பொதுவில் விடுங்கள், நாங்களும் சேர்ந்து வளர்க்கிறோம் என்று கேட்டார்கள். அப்படி வந்ததுதான் ஸ்பிரிங். பழைய பாரமான ஜாவா முறை பனிக்காலம் என்றால் இது வசந்தம் என்று பெயர் வைத்தார்கள். தரவுத்தளத்தோடு ஜாவாவைப் பேச வைக்கும் ஹைபர்னேட்டை 2001 இல் தொடங்கிய கவின் கிங்கும் ஆஸ்திரேலியர்தான்.

கொழும்பிலிருந்து வந்த கோட்

எனக்கு நெருக்கமான கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

1990 இல் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கொழும்பு என்றால் எனக்கு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை. விசாவுக்காகக் காத்திருந்த மாதங்கள். வெளியே போனால் அடையாள அட்டை, சத்தமாகத் தமிழ் பேசாதே என்று அம்மா சொன்னது. அவ்வளவுதான். அந்த நகரத்திலிருந்து எனக்கு எதுவும் வரும் என்று நான் நினைத்ததில்லை.

2008 அளவில், மெல்பேர்ணில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம், இரண்டு கொம்பனிகளின் கணினிகள் ஒன்றோடொன்று பேசுகிற ஒரு இடத்தில் பிழை வந்துகொண்டே இருந்தது. நாங்கள் பாவித்தது அப்பாச்சி அக்சிஸ்2. காரணம் தேடி அதன் மூலத்தைத் திறந்து பார்த்தேன். எழுதியவர்களின் பட்டியலில் இலங்கைப் பெயர்கள் வரிசையாக இருந்தன. பெரும்பாலும் சிங்களப் பெயர்கள். பின்னாளில் இது போன்ற இலங்கைத் திட்டங்களில் தமிழ்ப் பெயர்களையும் கண்டேன். நான் எந்த ஊரை விட்டு ஓடிவந்தேனோ அங்கே இருந்தவர்கள் எழுதிய கோட், நான் தஞ்சமடைந்த ஊரின் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பின்னேரம் ரயிலில் டண்டினொங் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. பெருமையா, கோபமா, என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அதன் பின்கதையைப் பிறகுதான் படித்தேன். அமெரிக்காவில் ஐபிஎம் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த சஞ்சீவ வீரவரண 2001 இல் இலங்கைக்குத் திரும்பினார். 2003 இல் லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் தொடங்கியது. இலங்கையில் இருப்பவர்கள் ஓப்பன் சோர்ஸைப் பாவிப்பவர்களாக மட்டும் இல்லாமல் அதை எழுதுபவர்களாகவும் வரவேண்டும் என்பது நோக்கம். அக்சிஸ்2 வேலையில் இலங்கையர் இவ்வளவு பேர் இருந்ததற்கு அதுதான் காரணம்.

2004 டிசம்பர் 26 சுனாமி. முல்லைத்தீவு, கல்முனை, காலி என்று கரை முழுதும் அழிந்து, நாங்கள் இங்கே கார் பூட்டுகளில் உடுப்பும் பால்மாவும் சேர்த்துக்கொண்டிருந்த அதே கிழமையில், கொழும்பில் தொண்டர்கள் ஒன்றுகூடி ஒரு மென்பொருள் எழுதினார்கள். காணாமல் போனவர்களின் பதிவு, எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. பெயர் சகனா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அது ஜாவா இல்லை, பிஎச்பி என்ற வேறு மொழி. ஆனால் அதே திறந்த மூல வழி. கோட் திறந்திருந்ததால் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 இல் ஹெயிட்டியிலும் அதை எடுத்துப் பாவிக்க முடிந்தது.

2005 இல் சஞ்சீவ வீரவரண, போல் ஃப்ரீமாண்டில், தவனம் ஸ்ரீநிவாஸ் மூவரும் சேர்ந்து டபிள்யூஎஸ்ஓ2 என்ற கொம்பனியைத் தொடங்கினார்கள். பொறியியல் வேலை பெரும்பாலும் கொழும்பில். பெரிய நிறுவனங்களின் பழைய கணினியையும் புதுக் கணினியையும் பேச வைக்கும் ஜாவா மென்பொருள், வாடிக்கையாளரை அடையாளம் காணும் மென்பொருள் எல்லாம் செய்தார்கள். மூலம் முழுவதும் அப்பாச்சி உரிமத்தில் திறந்து வைக்கப்பட்டது. இபே போன்ற பெரிய நிறுவனமும் பாவித்தது. 2024 இல் சுவீடனைச் சேர்ந்த ஈகியூடி முதலீட்டு நிறுவனம் இந்தக் கொம்பனியை 600 மில்லியன் அமெரிக்க டொலருக்கும் மேல் கொடுத்து வாங்குவதாகச் செய்தி வந்தது.

சும்மா கொடுத்த பொருளை வைத்து எப்படி 600 மில்லியன்? அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். விடை எளிது. கோட்டுக்குக் காசில்லை. ஆனால் ஒரு பாங்கில் இரவு இரண்டு மணிக்குப் பிழை வந்தால் தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டும். திருத்தங்களைப் பரிசோதித்து ஒழுங்காக அனுப்ப வேண்டும். அதை ஓட்டித் தர வேண்டும். காசு அதற்குத்தான். ரெட் ஹட் முதல் டபிள்யூஎஸ்ஓ2 வரை பெரும்பாலானவர்களின் வியாபாரம் இதுவே. ரெட் ஹட்டை 2019 இல் ஐபிஎம் வாங்கியது 34 பில்லியன் டொலருக்கு.

இன்னுமொன்று. கோடைகாலத்தில் ஓப்பன் சோர்ஸ் வேலை செய்ய மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தை 2005 இல் கூகிள் தொடங்கியது. அதில் பல வருஷங்கள் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது எந்தப் பல்கலைக்கழகம் தெரியுமா? இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே இருந்த பிள்ளைகளுக்கு சிலிக்கன் வலியில் சித்தப்பா பெரியப்பா இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் அவர்களின் கோட் இருந்தது. அதுவே அறிமுகக் கடிதம்.

2021 டிசம்பர், ஒரு வெள்ளிக்கிழமை

இது வரைக்கும் சொன்னது நல்ல பக்கம். இனி என் வெட்கம்.

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. நீண்ட லொக்டவுனுக்குப் பிறகு வந்த முதல் கோடை. பின்னேரம் குடும்பமாக வெளியே போக ஆயத்தம். ஃபோன் அடித்தது. லொக்ஃபோர்ஜே என்ற ஜாவா மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை.

லொக்ஃபோர்ஜே என்பது ஒரு நாட்குறிப்பு எழுதும் கணக்கப்பிள்ளை. ஒரு மென்பொருளுக்குள் யார் வந்தார், என்ன கேட்டார், என்ன பிழை நடந்தது என்று எழுதி வைப்பதுதான் வேலை. உலகில் ஏகப்பட்ட ஜாவா மென்பொருளில் இந்தக் கணக்கப்பிள்ளை இருக்கிறார். ஓட்டை என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுதி அனுப்பினால் அவர் அதை வெறுமனே எழுதி வைக்காமல், அதில் சொன்னபடி நடக்கத் தொடங்கிவிடுவார். வெளியில் உள்ள யாரோ ஒருவரின் கணினியிலிருந்து புரோகிராமைக் கொண்டுவந்து எங்கள் கணினியில் ஓட்டிவிடுவார். பெயர் கேட்கும் பெட்டியில் ஒரு வரி எழுதினாலே போதும். ஆபத்தின் அளவு 10க்கு 10 என்று குறித்தார்கள்.

அன்றைக்கு மெல்பேர்ணில் என் போன்ற எத்தனையோ பேர் சாப்பாட்டை விட்டு எழும்பியிருப்பார்கள். எங்கள் குழுவுக்கு முதல் பிரச்சினை, எங்கெங்கே இது இருக்கிறது என்றே தெரியாதது. நாங்கள் எடுத்த மென்பொருளுக்குள் இருந்த மென்பொருளுக்குள் இருந்தது. திருத்திய பதிப்பு போட்டோம். சில நாளில் அதுவும் போதாது என்று அடுத்தது வந்தது. பிறகு இன்னொன்று. டிசம்பர் முடியும் முன் நாலு பதிப்பு. மூன்றாவது தரம் நித்திரையில்லாமல் இருந்த ஒரு இரவில், அந்தத் திட்டத்தின் பக்கத்தில் நான் ஒரு வரி எழுதினேன். எப்போதுதான் ஒழுங்காகத் திருத்தி முடிப்பீர்கள் என்ற பொருளில். அதில் தயவான ஒரு சொல் கூட இல்லை.

நான் யாருக்கு அதை எழுதினேன் என்று பிறகுதான் தெரிந்தது. கட்டிடம் நிறைய ஆட்கள் உள்ள கொம்பனி என்று நினைத்திருந்தேன். ஒரு கைப்பிடித் தொண்டர்கள். பகலில் வேறு வேலை, மிச்ச நேரத்தில் இது. நித்திரை இல்லாமல் திருத்திக்கொண்டிருக்கிறோம், சம்பளம் வாங்காத வேலைக்கு ஏச்சு வாங்குகிறோம் என்ற கருத்தில் அவர்களில் ஒருவர் பகிரங்கமாக எழுதியிருந்தார். அந்த ஆபத்தான வசதியை எடுத்துவிட அவர்களுக்கே விருப்பம் இருந்தது. பழைய பாவனையாளரின் மென்பொருள் உடைந்துவிடக்கூடாது என்றுதான் வைத்திருந்தார்கள். அந்தப் பழைய பாவனையாளர் என்றால் நாங்கள்தான்.

நான் எழுதிய வரியை அழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு உலகம் கொஞ்சம் விழித்தது. ஜேர்மனி அரசு இப்படியான அடிப்படை மென்பொருளுக்குப் பணம் கொடுக்க ஒரு நிதியம் தொடங்கியது. லொக்ஃபோர்ஜேக்கும் அதிலிருந்து உதவி போனது. ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த புதுச் சட்டம், பொருளை விற்பவர்தான் அதற்குள் இருக்கும் மென்பொருளின் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்கிறது. சும்மா எழுதிக் கொடுத்த தொண்டரின் தலையில் அதைக் கட்டமுடியாது.

கைமாறும் வீடுகள்

பெற்றோராக இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் வீட்டுக்காரர் அடிக்கடி மாறுவார்.

சன் நிறுவனம் 2006 இலிருந்து ஜாவாவைத் திறந்த உரிமத்தில் விட்டது. 2010 இல் சன் நிறுவனத்தையே ஒராக்கிள் வாங்கியது. 2023 ஜனவரியில் ஒராக்கிள் தன் ஜாவாப் பொதிக்கான சந்தா முறையை மாற்றியது. ஜாவா பாவிக்கும் ஆட்களை அல்ல, கொம்பனியில் வேலை செய்யும் எல்லாரையும் எண்ணி விலை. சிறிய நிறுவனத்துக்குப் பட்டியல் விலை ஆளுக்கு மாதம் 15 டொலர். 500 பேர் உள்ள இடத்தில் ஐந்து பேர்தான் பாவித்தாலும் வருஷத்துக்கு 90,000 அமெரிக்க டொலர். எங்கள் அலுவலகத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதியபோது அறையில் சத்தமே இல்லை. ஆனால் வழி இருந்தது. அதே திறந்த மூலத்திலிருந்து கட்டப்பட்ட டெமுரின், கொரெட்டோ போன்ற இலவசப் பொதிகள் இருக்கின்றன. சில மாத வேலையில் மாறிக்கொண்டோம்.

பெருநிறுவன ஜாவாவின் தரவரைவுகளை 2017 இல் ஒராக்கிள் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்தது. கோட்டைக் கொடுத்தது, ஆனால் ஜாவா என்ற பெயரைக் கொடுக்கவில்லை. அதனால் ஜகார்த்தா என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயர்தானே என்று நினைப்பீர்கள். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே வந்தபோது அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பாங்கில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு மாதிரி ஆனதே, அந்தக் கரைச்சல்தான். 2020 இல் கோட்டுக்குள்ளேயே பெயர் மாறியது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒவ்வொரு இடமாக மாற்ற வேண்டி வந்தது. என் ஒரு வருஷத்தின் பெரும்பகுதி அதில் போனது.

ஸ்பிரிங்கும் அப்படித்தான். 2009 இல் விஎம்வெயர் வாங்கியது, 2023 இல் விஎம்வெயரை புரொட்கொம் வாங்கியது.

இவ்வளவு கைமாறினாலும் ஒன்று மாறவில்லை. திறந்த உரிமத்தில் ஒருமுறை கொடுத்த கோட்டைத் திருப்பி வாங்க ஏலாது. புது வீட்டுக்காரர் விலை ஏற்றினால், கதவைப் பூட்டினால், கடைசியாகக் கொடுத்த கோட்டை எடுத்துக்கொண்டு வேறு ஆட்கள் தொடரலாம். ஆனால் தொடர்வதற்கு ஆள் வேண்டும். கோட் இலவசமாக இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் இலவசமாக முளைக்க மாட்டார்.

சனிக்கிழமைச் சாவி

இவ்வளவையும் ஒரு கிழமை கழித்து அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, ஆனா சும்மா வேலை சும்மா வேலைதான். நான் இந்த நாட்டில ஒரு மணித்தியாலம் சும்மா வேலை செய்யேல்லை” என்றார்.

மகள் பக்கத்தில் இருந்தாள். “அப்ப சனிக்கிழமை?” என்று கேட்டாள்.

அப்பா டண்டினொங் சவுத்தில் இரவு ஷிஃப்ட் செய்து எங்களை வளர்த்தவர். அந்த ஷிஃப்ட் முடிந்து வந்து, இரண்டு மணித்தியாலம் படுத்துவிட்டு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறப்பார். கதிரை அடுக்குவது, ஹீட்டர் போடுவது, போட்டோகொப்பி எடுப்பது, கடைசிப் பிள்ளையின் தாய் தகப்பன் வரும் வரைக்கும் வாசலில் நிற்பது. இருபது வருஷத்துக்கு மேலாக. சம்பளமில்லை. ஒருமுறை வகுப்பறை ஹீட்டர் வேலை செய்யாதபோது ஒரு தகப்பன் அப்பாவைப் பார்த்து, இதைக் கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதா என்று கேட்டாராம். அப்பா அதை இன்னும் மறக்கவில்லை.

“அது வேற,” என்றார் அப்பா. “அது எங்கட பள்ளிக்கூடம்.”

“இதுவும் எங்கடதான் அப்பப்பா. அப்பா ஒவ்வொரு நாளும் பாவிக்கிறார்.”

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை விளங்கியது. அவருக்கு இப்போது 76 வயது. முழங்கால் வருத்தம். பள்ளிக்கூடச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறவன். தவணை தொடங்கப் பிந்தினால் மெசேஜ் போட்டுக் கேட்கிறவன். லொக்ஃபோர்ஜே ஆட்களுக்கு வரி எழுதினவனும் அவனேதான்.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் கதவு திறக்கிறேன். அலுவலகத்திலும் ஒன்று கேட்டேன். நாங்கள் அதிகம் பாவிக்கும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களின் பட்டியலை மனேஜரிடம் கொடுத்து, மாதத்தில் ஒரு நாள் அவற்றின் பிழைகளைத் திருத்த அனுமதி வேண்டும் என்றேன். அரை நாள் கிடைத்தது. பரவாயில்லை.

உங்கள் பிள்ளையும் கேட்டால்

மகளோடு சேர்ந்து இந்தச் சில மாதத்தில் நான் படித்தவை.

சின்னதாகத் தொடங்கட்டும். விளக்கக் குறிப்பில் உள்ள பிழை, விடுபட்ட ஒரு பரிசோதனை, விளங்காத ஒரு பிழைச் செய்தி. அப்படியான வேலையை யாரும் செய்ய மாட்டார்கள், செய்தால் எல்லாரும் நன்றி சொல்வார்கள்.

வயதைக் கவனியுங்கள். கோட் பகிரும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் திறக்க 13 வயதாவது வேண்டும். கூகிளின் கோடைத் திட்டத்துக்கு 18. அங்கே எழுதுவது எல்லாம் பகிரங்கம், வருஷக்கணக்கில் இருக்கும். எந்தப் பெயரில், எந்த மின்னஞ்சலில் எழுதுவது என்று முதலிலேயே சேர்ந்து முடிவெடுங்கள்.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி, விளங்காமல் அனுப்ப வேண்டாம். அப்படி வந்து குவிவதைப் பிரித்துப் பார்ப்பதே பல திட்டங்களில் இப்போது தொண்டர்களுக்குப் பெரிய பாரம். அனுப்புவதற்கு முன் உங்களுக்கு வாயால் விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு விளங்கியிருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியும்.

வேலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில், பொதுத் திட்டத்தில் எழுதிய கோட்டின் இணைப்பு இருந்தால் நான் திறந்து பார்ப்பேன். கோட்டை மட்டுமல்ல. இதை மாற்று என்று ஒருவர் சொன்னபோது இந்தப் பிள்ளை எப்படிப் பதில் எழுதியது என்பதையும். அது பரீட்சைப் புள்ளியில் தெரியாது.

சம்பள வேலையையும் விடச் சொல்லாதீர்கள். என் மகள் இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். அப்பப்பாவுக்கும் சந்தோஷம். தன் உழைப்புக்கு விலை உண்டு என்று தெரிந்த பிள்ளைதான் எதைச் சும்மா கொடுப்பது என்று தானே தீர்மானிக்கும்.

அவள் அனுப்பிய திருத்தம் உடனே ஏற்கப்படவில்லை. முன்பின் தெரியாத ஒருவர், எந்த நாடென்றும் தெரியாது, இதற்கு ஒரு பரிசோதனையும் எழுதுங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். இரண்டு பின்னேரம் லொன்ஸ்டேல் ஸ்ட்ரீட் லைப்ரரியில் இருந்து எழுதினாள். பிறகு ஒரு பெயரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினாள். மூன்றாம் கிழமை, திங்கட்கிழமை காலமை, பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் பதினொரு வரி.

அன்றைக்குப் பின்னேரம் அம்மா ஃபோன் எடுத்தார். இப்போது அவருக்கு விஷயம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டார்:

“என்ன பிள்ளை, அப்பாச்சிக்குக் கோட் அளவாய் இருந்ததோ?”

“ரெண்டு தரம் தைக்க வேண்டி வந்தது அப்பாச்சி,” என்றாள் மகள்.